பிரித்தால் பிரிய வேண்டும்

கும்பகோணத்தில் நாங்கள் நடத்தும் ஓவியக் கூடத்தின் பெயர்ப்பலகையில் இன்றும் ‘ஓவியம்’ என்ற சொல் மட்டுமே இருக்கிறது. உள்ளே வருபவர்கள் பார்ப்பதோ சுவரோடு சாய்ந்து நிற்கும், பிரேம் செய்வதற்கான பீடிங் கம்புகளையும், இடையில் செய்தித்தாள் வைத்து அடுக்கிய கண்ணாடிகளையும், இரும்புத் திருகு பிரஸ்ஸில் பலகைகளுக்கு நடுவே காய்ந்துகொண்டிருக்கும் புத்தகங்களையும்தான். வரைவது நின்றுவிடவில்லை; ஆனால் வரைந்து சம்பாதிப்பதைவிட, பிறர் வரைந்ததையும் அச்சிட்டதையும் காப்பாற்றிக் கொடுத்துச் சம்பாதிப்பதே இப்போது அதிகம். இதில் எங்களுக்கு வருத்தம் ஏதும் இல்லை. தாளின் மீது நிறத்தை வைப்பவருக்கு அந்தத் தாள் பின்னால் என்ன ஆகிறது என்ற கவலையும் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கவலைதான் முதலில் பிரேமுக்கும், அங்கிருந்து பைண்டிங்குக்கும் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எங்கள் வட்டாரத்தில் ஓவியக் கூடம் என்றாலே தஞ்சாவூர் ஓவியம் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் அதைச் செய்வதில்லை. தொடக்கத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவதும், மறைந்தவர்களின் சிறிய புகைப்படத்தைப் பார்த்துப் பெரிய உருவப்படம் வரைவதுமே வாடகைக்கு வழி செய்தன. மீதி நேரத்தில் நீர்வண்ணம். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு, ஊருக்கு ஊர் ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் பெயரோடு தகரத்திலும் சுவரிலும் எழுதிக்கொண்டிருந்த எல்லோருக்கும் நேர்ந்ததே எங்களுக்கும் நேர்ந்தது. மிஞ்சியது நீர்வண்ணம். அதைக் கண்ணாடி போடாமல் மாட்ட முடியாது என்பதால், விற்கும் படங்களை வெளியில் ஒரு கடைக்கு அனுப்பி பிரேம் போட்டு வாங்கினோம். அந்தப் படங்களில் சில ஒரு மழைக்காலம் கழிந்ததும் வாங்கியவர்களின் கையிலேயே திரும்பி வந்தபோதுதான், பிரேம் என்பது படத்தைச் சுற்றி ஓடும் நான்கு கம்புகள் மட்டுமன்று என்பது உறைத்தது.

திரும்பி வந்த படங்களுக்கு எல்லாம் ஒரே கதை. படத்தின் முழு முதுகிலும் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டியிருப்பார்கள். அதன் மேல் கண்ணாடியை நேராக அழுத்தி ஆணி அடித்திருப்பார்கள். டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தாள் விரியும், பின்பு சுருங்கும். விரிவதற்கு இடமில்லாமல் ஒட்டப்பட்ட தாள் அலையலையாக எழும்பி, எழும்பிய இடங்களில் எல்லாம் கண்ணாடியைத் தொடும். கண்ணாடியின் உட்புறத்தில் ஈரம் படியும் இடத்தில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கிறது. இதற்கு மருந்து மிகச் சாதாரணமானது. படத்தை மேல்விளிம்பில் மட்டும் இரண்டு சிறு தாள் கீல்களால் தொங்கவிட வேண்டும். மற்ற மூன்று பக்கமும் விடுதலையாக இருக்க வேண்டும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே, படத்தைச் சுற்றி வரும்படி நடுவில் வெட்டியெடுத்த அட்டையான மவுண்ட் போர்டின் தடிமன் அளவுக்காவது இடைவெளி இருக்க வேண்டும். மவுண்ட் என்பது படத்துக்கு அழகாக ஓர் ஓரம் கொடுப்பதற்காக வெட்டப்படுவதாகவே பலரும் நினைக்கிறார்கள். அது முதலில் மூச்சுக்காற்றுக்கான இடம். அழகு அதன் பிறகு.

மவுண்ட் போர்டிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. சாய்வாக வெட்டிய அதன் உள்விளிம்பு சில ஆண்டுகளில் பழுப்பாகி, படத்தின் மீதும் அதே வடிவில் ஒரு பழுப்புக் கோட்டை விட்டுச் செல்வதைப் பழைய பிரேம்களைப் பிரிக்கும்போது அடிக்கடி பார்க்கிறோம். மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருளும், மை ஊறாமல் இருப்பதற்காகத் தாளில் சேர்க்கப்பட்ட படிகாரமும் ரோசினும் காலப்போக்கில் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் அட்டையிலிருந்து அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நல்ல தாளுக்கும் இறங்குகிறது. பருத்திக் கூழில் செய்த விலையுயர்ந்த தாளில் வரைந்துவிட்டு, அதன் முதுகுக்கு மலிவான கிரே போர்டை வைப்பது விதைநெல்லை ஓட்டைக் குதிரில் கொட்டுவதற்குச் சமம். ஆகவே படத்தைத் தொடும் அட்டை மட்டுமாவது அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும் என்பதை எங்கள் கூடத்தின் விதியாக வைத்துக்கொண்டோம். அதற்கு ஆகும் கூடுதல் விலையை ரசீதில் தனி வரியாகவே எழுதுகிறோம். வேண்டாம் என்பவர்களிடம் வாதாடுவதில்லை.

பீடிங் விஷயத்தில் நான் பலரோடும் ஒத்துப்போவதில்லை. தேக்கு பீடிங்தான் உயர்ந்தது, ஃபைபர் பீடிங் தரம் குறைந்தது என்று கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் சேர்ந்தே சொல்கிறார்கள். சுண்ணாம்புச் சுவரும் மரத் தூலமும் உள்ள பழைய வீடுகளில் கரையான் எந்த மரத்திலிருந்து எந்த மரத்துக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே நடுத்தர அளவுப் படத்துக்கு ஃபைபர் பீடிங் நன்றாகவே உழைக்கிறது. பெரிய கண்ணாடியின் எடையை மட்டும் அது தாங்காது, நடுவில் வளைந்துவிடும்; அப்போது தேக்குதான். எந்தப் பீடிங்காக இருந்தாலும் பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் சிறிய ரப்பர்க் குமிழ்களை ஒட்டிக் கொடுக்கிறோம். சுவருக்கும் படத்துக்கும் நடுவே விரல் நுழையாத அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தால் போதும், சுவரின் ஓதம் படத்துக்கு ஏறாது.

நாங்கள் செய்யாத தஞ்சாவூர் ஓவியங்கள் பிரேம் மாற்றுவதற்காக எங்களிடம் வந்துகொண்டே இருக்கின்றன. பலகையில் துணி ஒட்டி, சுக்கான் மாவும் கோந்தும் சேர்த்து மேடுகட்டி, அதன் மேல் தங்கத் தகடும் கற்களும் பதித்த படத்துக்குத் தட்டையான பிரேம் பொருந்தாது. கண்ணாடி மேட்டின் மீது உட்கார்ந்துவிடும். பெட்டி போல ஆழமான பிரேமுக்குள் படத்தை உள்வாங்கி வைக்க வேண்டும். உண்மைத் தங்கத் தகடு கறுப்பதில்லை. போலித் தகடு கறுக்கும். கறுத்த படத்தைக் கொண்டுவந்து “கண்ணாடி சரியில்லை போலிருக்கிறது, மாற்றிக் கொடுங்கள்” என்பவர்களிடம் என்ன பதில் சொல்வது என்பது ஒவ்வொரு முறையும் சங்கடம்தான்.

இன்னொரு வகை, பூஜை அறையிலிருந்து வரும் ஒலியோகிராஃப் படங்கள், அதாவது எண்ணெய் ஓவியம் போலத் தோன்றும் வண்ண அச்சுகள். ராஜா ரவிவர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கப்பட்டு, பின்னர் லோனாவாலாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு மாற்றப்பட்டது. அதன் அச்சுகளும், அவற்றைப் பார்த்துப் பிறர் அச்சிட்டவையும் தமிழ்நாட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தொங்குகின்றன. சில வீடுகளில் லட்சுமியின் புடவைக்கு உண்மையான துணியும் ஜரிகையும் ஜிகினாவும் வைத்து ஒட்டியிருப்பார்கள், குறிப்பாகச் செட்டிநாட்டுப் பக்கம். சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்கும்போது எண்ணெய்ப் புகையை மட்டும் துடைத்தெடுத்துவிட்டு, அந்த ஜரிகையையும், குங்குமம் வைத்த கறையையும் அப்படியே விட்டுவிடுகிறோம். அவை படத்தின் வரலாறு, அழுக்கு அன்று.

பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்தால் இழுக்கவே கூடாது. அந்தப் படங்களின் மேற்பரப்பில் உள்ள ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தைக் கண்ணாடியோடு அப்படியே பத்திரப்படுத்தச் சொல்கிறோம்.

பைண்டிங் வேறொரு வழியாக வந்தது. கல்கி, ஆனந்த விகடன் போன்ற வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரம்தோறும் பிரித்தெடுத்துச் சேர்த்து, கதை முடிந்ததும் உள்ளூர் பைண்டரிடம் கொடுத்துத் தடித்த அட்டை போட்டு வைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ் வீடுகளில் இருந்தது. அந்தத் தொகுப்புகள் இரவல் போய்த் திரும்பி வந்து, திண்ணைக்குத் திண்ணை மாறி, ஒரு குடும்பம் முழுவதும் படித்து முடித்தவை. அவற்றைத் தாங்கிப் பிடித்தவை கதைகள் மட்டுமல்ல. கல்கியில் மணியமும், விகடனில் கோபுலுவும் சில்பியும் வரைந்த படங்களும்தான். ஒருவர் அப்படியொரு தொகுப்பைக் கொண்டுவந்து, அதிலுள்ள படங்களை மட்டும் வெட்டி எடுத்து பிரேம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். தாள்கள் பழுப்பாகி, முதுகு பிளந்து, அட்டை ஒரு பக்கம் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்த நிலையில் அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் கத்தரியை எடுக்க மனம் வரவில்லை. படத்தை நகலெடுத்து அந்த நகலுக்கு பிரேம் போடலாம், தொகுப்பைத் தொகுப்பாகவே திரும்பக் கட்டலாம் என்று சொன்னேன். கட்டிக் கொடுப்பது யார் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பைண்டிங் கற்றுக்கொண்டோம்.

தொடர்கதைத் தொகுப்பை மறுபடி கட்டுவது, பைண்டிங் தொழிலில் எனக்குத் தெரிந்தவரை, பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் மிகக் கடினமான வேலை. அச்சுப் புத்தகம் என்றால் அது பாரம் பாரமாக இருக்கும். பதினாறு பக்கம் மடிந்த ஒரு பாரத்தின் மடிப்பு வழியாக ஊசி போய்வரும். நூல் பாரத்தைப் பிடித்துக்கொள்ள, புத்தகம் முழுதாகத் திறக்கும். இதழிலிருந்து கிழித்தெடுத்த தாள்களுக்கு மடிப்பே இல்லை, எல்லாம் ஒற்றை ஒற்றைத் தாள்கள். அன்றைய பைண்டர்கள் என்ன செய்தார்கள் என்றால், தாள்களை அடுக்கி, ஓரத்திலிருந்து ஒரு விரல் அளவு உள்ளே தமரூசியால் துளையிட்டு, சணல் நூலால் இறுக்கித் தைத்துவிட்டார்கள். உறுதியான தையல்தான், மறுக்க முடியாது. ஆனால் புத்தகம் பாதிக்கு மேல் திறக்காது. உள்விளிம்பில் இருக்கும் எழுத்துகள் தையலுக்குள் மறைந்துபோகும். படிப்பவர் வலிந்து திறக்கத் திறக்க, ஏற்கெனவே மொறுமொறுப்பாகிவிட்ட செய்தித்தாள் வகைத் தாள் தையல் ஓரமாக ஒடியும். சில தாள்களில் இதழின் பழைய கம்பிப் பின் துருவேறித் தாளோடு தாளாகவே இருக்கும்.

எங்கள் முறை வேறு. பழைய தையலை வெட்டி, தாள்களைத் தனித்தனியாகப் பிரித்து, துருப்பிடித்த பின்களை அகற்றி, மென்மையான தூரிகையால் ஒவ்வொன்றையும் துடைக்கிறோம். பின்பு ஜப்பானிய முசுக்கட்டை நாரில் செய்த மெல்லிய தாளைக் கீற்றுகளாகக் கிழித்து (வெட்டக் கூடாது, கிழித்த ஓரத்தின் இழைகள்தான் பழைய தாளோடு கலந்து நிற்கும்) இரண்டு ஒற்றைத் தாள்களை அந்தக் கீற்றால் இணைத்து, மடிப்புள்ள ஓர் இரட்டைத் தாளாக மாற்றுகிறோம். அப்படி மாற்றியவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் பாரம் கிடைத்துவிடும். பாரம் கிடைத்துவிட்டால் தைக்கலாம். கீற்று சற்றே தடித்துப்போனாலும் எல்லாம் சேர்ந்து முதுகுப் பக்கம் புடைத்துக்கொண்டு, புத்தகம் ஆப்பு வடிவத்தில் நிற்கும். அளவும் பொறுமையும் கேட்கும் வேலை இது. இதில் என்னைவிட என் மனைவியின் கைதான் தேர்ந்தது. தொகுப்பின் பின்பக்கங்களில் இருக்கும் துணுக்குகளையும் பற்பொடி விளம்பரங்களையும் அவள் நின்று நின்று படிப்பதால் வேலை இன்னும் தாமதமாகும் என்பதையும் இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன்.

அடிப்படைகளை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு பைண்டர் ஐயா. எழுத்துக்கோத்து அச்சிடும் அச்சகங்கள் மூடப்பட்டு, அவற்றின் இரும்புச் சாமான்கள் எடைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் காப்பாற்றப்பட்ட ஒரு திருகு பிரஸ்ஸையும் அவர்தான் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தார். அவர் சொன்னவற்றில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இன்றும் அப்படியே பின்பற்றுகிறோம். அந்த ஒன்று மயில்துத்தம் என்ற நீல நிறச் செம்பு உப்பு. பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தத்தைக் கலப்பது நம் ஊர் பைண்டர்களின் நெடுங்கால வழக்கம். பூச்சியை அது தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதிலுள்ள செம்பு தாளின் நார்களைச் சிதைக்கும் வேதிவினையை விரைவுபடுத்துகிறது. புதிய கணக்குப் பேரேட்டுக்கு அது பொருட்டில்லை, பழைய தாளுக்கு ஆகாது. நாங்கள் மைதாவைப் பிசைந்து துணியில் கட்டித் தண்ணீரில் அலசி, இறங்கும் மாப்பாலைத் தெளியவைத்து, அடியில் படிவதை மட்டும் காய்ச்சிப் பசையாக்குகிறோம். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பவர்களுக்கு இந்த முறை புதிதாக இருக்காது. பசைத்தன்மை மிகுந்த புரதம் துணியிலேயே தங்கிவிடுவதால், கிடைக்கும் பசை வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும், அதனால் சிறிதளவே காய்ச்ச வேண்டும். முக்கியமான காரணம் வேறு: இந்தப் பசையை என்றைக்கு வேண்டுமானாலும் ஈரம் காட்டிப் பிரிக்கலாம். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை காய்ந்துவிட்டால் தாளைக் கிழிக்காமல் பிரிவதில்லை.

பிரேம் வேலையில் கற்றது பைண்டிங்குக்கும், பைண்டிங்கில் கற்றது பிரேமுக்கும் கைகொடுத்தது. இயந்திரத்தில் செய்த தாளின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடுகின்றன. ஈரம் பட்டால் தாள் அந்தத் திசைக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகக் கிழிவதும், மறுபக்கமாகக் கிழித்தால் கோணிப்போவதும் இதனால்தான். புத்தகத்தில் தாள், அட்டை, மேலே ஒட்டும் காலிகோ துணி எல்லாவற்றின் நார்த்திசையும் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். தவறினால் பக்கங்கள் விறைத்து நிற்கும், அட்டை வில்லாக வளையும். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் துணி ஒட்டினால் காயும்போது அந்தப் பக்கமாக இழுக்கும். உள்பக்கத்தில் ஒட்டும் தாள் எதிர்ப்பக்கம் இழுத்துத்தான் அதைச் சமன்செய்கிறது. இது புரிந்த பிறகு, பெரிய மவுண்ட் போர்டுகள் பிரேமுக்குள் ஏன் வளைகின்றன என்பதும் எங்களுக்குப் புரிந்தது. பின்பக்கம் ஒட்டும் தாளை எங்கே எப்படி ஒட்டுவது என்பதை மாற்றிக்கொண்டோம்.

வயிற்றுக்கு வழிசெய்வது இவை எதுவும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கல்லூரி ஆய்வேடுகளுக்குக் கறுப்பு ரெக்ஸின் அட்டையும் தங்க நிற எழுத்தும் போட்டுக் கொடுப்பதும், பாத்திரக் கடைகளும் வெற்றிலை மண்டிகளும் மூலைகளில் மஞ்சள் தடவிப் பூஜை போடுவதற்காகக் கேட்கும் நீளக் கணக்குப் பேரேடுகளைக் கட்டிக் கொடுப்பதும்தான் மாத வருமானம். கணினியில் கணக்கு எழுதும் கடைகளும் பூஜைக்கு ஒரு பேரேடு வாங்குகின்றன. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, ‘லாபம்’ என்று எழுதுவதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது. அவற்றையும் நாங்கள் நூலால்தான் தைக்கிறோம். முதுகைச் சுரண்டிச் சூடான பசையை ஊற்றி ஒட்டும் இன்றைய புத்தகங்கள், பசை இறுகிய பிறகு நடுவில் திறந்ததும் வெடித்துத் தாள் தாளாக உதிர்வதைப் பார்த்துப் பார்த்து, குறைந்தபட்சம் எங்கள் கையை விட்டுப் போவதாவது உதிரக் கூடாது என்ற பிடிவாதம் வந்துவிட்டது.

ஒரே ஒரு வேலையை மட்டும் எவர் கேட்டாலும் மறுத்துவிடுகிறோம், அது லேமினேஷன். நிலப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், தாத்தா கைப்பட எழுதிய ஜாதக நோட்டு ஆகியவற்றைப் பிளாஸ்டிக்குக்குள் அடைத்துவிட்டால் காலத்துக்கும் நிற்கும் என்ற நம்பிக்கை ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. சூட்டில் உருகும் அந்தப் பசை தாளின் நார்களுக்குள் இறங்கிவிடுகிறது; தாளுக்குள் இருக்கும் அமிலமும் அதோடு சேர்ந்து உள்ளேயே சிறைப்படுகிறது. நாளைக்கு ஓர் ஓரம் கிழிந்தாலோ, மை மங்கினாலோ, எவராலும் உள்ளே போய் எதுவும் செய்ய முடியாது. அமிலமில்லாத தாளில் மடித்த உறையோ, மூன்று பக்கம் திறந்திருக்கும் தெளிவான பாலியெஸ்டர் உறையோ அதைவிட நன்று. வேண்டும்போது வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

தஞ்சாவூர் சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் எழுத்துக்குப் போவதற்கு முன்பு கட்டுக்குத்தான் போகிறது. இரண்டு மரச் சட்டங்கள், ஓலைகளில் துளை, துளை வழியே ஒரு கயிறு. பசை என்பதே கிடையாது. ஓர் ஓலை செல்லரித்துப்போனால் கயிற்றை அவிழ்த்து, புதிய ஓலையில் படியெடுத்து, அதே இடத்தில் கோத்துவிடலாம். தாளுக்கும் கண்ணாடிக்கும் அவ்வளவு எளிய வழி கிடைப்பதில்லை. இருந்தாலும், நமக்குப் பிறகு இதைப் பிரிப்பவருக்கு வேலையைக் கடினமாக்கக் கூடாது என்பதை வைத்தே பசை, கீல், நூல், அட்டை எல்லாவற்றையும் தேர்வு செய்கிறோம். ஒவ்வொரு பிரேமின் பின்பக்கத்திலும், கட்டிக் கொடுக்கும் பழைய புத்தகத்தின் கடைசித் தாளிலும் ஒரு சிறு சீட்டு வைக்கிறோம்: என்ன பசை, என்ன தாள், எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்பவை அதில் இருக்கும். வாடிக்கையாளர்கள் அதைப் பெரும்பாலும் உத்தரவாதச் சீட்டு என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

பழைய புத்தகங்களோ தொடர்கதைத் தொகுப்புகளோ வைத்திருப்பவர்கள் தை பிறந்த பிறகு கொண்டுவருவது நல்லது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பசை காய்வதில்லை, அட்டைகள் நேராக நிற்பதில்லை. அந்த மாதங்களில் நாங்கள் பிரேம் வெட்டுவதையும் ஓவியம் வரைவதையும் மட்டுமே வைத்துக்கொள்கிறோம். கொண்டுவரும்போது உதிர்ந்த தாள்களைச் செலோடேப்பால் ஒட்டிவிட வேண்டாம். எந்த வரிசையில் உதிர்ந்தனவோ அதே வரிசையில் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தால் போதும்.